மூன்றாவது வண்டி மாச்சாப்பில் நிற்கும்

வருஷா வருஷம் டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வண்டிகளை வரிசை கட்டிக்கொண்டு பத்துமலை, ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை என்று மலேசிய முருகன் கோயில்களுக்குக் கிளம்பும் நம் கூட்டத்துக்கு, குறிப்பாக ஸ்டியரிங் பிடிக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கும் மாமாக்களுக்கும், அப்புறம் பின்சீட்டில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டு வரும் எல்லாருக்கும், மூன்றாவது வண்டிக்காரனின் வணக்கம்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன மாதம் கோப்பிக்கடையில் உட்கார்ந்து பயணத் திட்டம் போட்டோமே, அங்கே சொல்லத்தான் வாயெடுத்தேன். "வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு வந்து குளிச்சிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு உட்லண்ட்ஸ். விடியக்காலைல பத்துமலை, மத்தியானச் சாப்பாடு ஈப்போ, சாயங்காலம் பினாங்கு. நடுவுல ஒரே ஒரு ஸ்டாப்" என்று முதல் வண்டி அண்ணன் சொன்னதும் மேசையே கைதட்டியது. அந்தச் சத்தத்தில் எனக்கு வாய் எழவில்லை. அதனால் எழுதுகிறேன், ஊரே பார்க்கும்படி எழுதுகிறேன், ஏனென்றால் நம்மைப் போல இந்த ஊரில் இன்னும் எத்தனையோ கூட்டங்கள் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலேசிய நெடுஞ்சாலையின் ஆயர் குரோ ஓய்விடத்தில் "வயிறு சரியில்லை" என்று கழிவறைக்குள் போய் அரை மணி நேரம் வெளியே வராமல் இருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மறந்திருக்க மாட்டீர்கள், அதை வைத்துப் பினாங்கு வரைக்கும் கிண்டல் ஓடியது. என் வயிற்றுக்கு ஒன்றுமே இல்லை. நடந்தது வேறு.

பாகோ தாண்டிக் கொஞ்ச தூரம். அதிகாலை நாலரை மணி இருக்கும். விளக்குக் கம்பம் இல்லாத சாலை, இரண்டு பக்கமும் செம்பனை, முன்னால் இரண்டாவது வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, சும்மா படபடப்பு இல்லை, சட்டைக்கு மேலே தெரியும் அளவுக்கு. விரல் நுனியெல்லாம் மரத்துப் போனது. ஏசி முகத்தில் அடிக்க வேர்த்துக் கொட்டியது. ஸ்டியரிங் பிடித்திருப்பது என் கை இல்லை, யாரோ ஒருத்தர் கை என்று தோன்றியது. அப்பா 54 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். எனக்கு அப்போது 51. 'சரி, நம் முறை வந்துவிட்டது, பின்னால் அம்மா, பக்கத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வண்டி 110-இல் போகிறது' என்று வரிசையாக யோசித்தேன். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நிலையில் ஆயர் குரோ வரைக்கும் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினேன். இடையில் ஒதுங்க இடமே இல்லாமலா போனது? இருந்தது. நிறுத்தவில்லை. ஏன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் கேவலமானது: முதல் வண்டி அண்ணன் நிற்கவில்லை, நான் நின்றால் போன் வரும், "என்ன ஆச்சு, பயந்துட்டியா?" என்று கேட்பார்கள். உயிர் போகிறது என்று நினைத்துக்கொண்டே ஒரு மனுஷன் அந்தக் கேள்விக்குப் பயந்து வண்டியை ஓட்டியிருக்கிறான் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பியபிறகு யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து காலாங் - பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள், பட்டப்பகலில், வேலைக்குப் போகும் வழியில் அதே மாதிரி வந்தது. அந்தச் சுரங்கம் மட்டும் 9 கிலோமீட்டர், உள்ளே போய்விட்டால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அன்றோடு அந்தப் பாதையை விட்டேன். அப்புறம் தீவு விரைவுச்சாலையையும் விட்டேன். சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று உள்சாலையிலேயே வேலைக்குப் போனேன், அதற்காகவே நாற்பது நிமிஷம் முன்னதாகக் கிளம்பினேன். போன வருஷம் பயணத்துக்கு வராததற்கு மலேசியாவுக்குள் வண்டியை ஓட்டிப்போக வேண்டிய விஇபி அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை என்று சொன்னேன். அது வந்து வண்டியில் ஒட்டி மாதக்கணக்கு ஆகியிருந்தது. மன்னிக்கவும்.

கடைசியில் மனைவிதான் காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் குடும்ப மருத்துவரிடம் கூட்டிப்போனார். இசிஜி, ட்ரெட்மில், இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. இதயம் சரியாக இருக்கிறது என்றார். சுரங்கத்தில் வந்தது பீதித் தாக்கம், ஆங்கிலத்தில் பேனிக் அட்டாக் என்கிறார்களே அது. பாகோவில் வந்தது என்ன என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது.

அன்று என்னென்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தது. இராத்திரிச் சாமான் கட்டும் அவசரத்தில் சோறு சாப்பிடவில்லை, இரண்டு கறிபஃப். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். மூக்கு ஒழுகியதால் ஒரு சளி மாத்திரை. அது தூக்கம் வரவைக்கும் என்று தெரிந்ததால் இரண்டு கோப்பி, அதற்கு மேல் ஒரு டின் எனர்ஜி டிரிங்க். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது மனுஷ உடம்பா, கெமிஸ்ட்ரி லேபா?" என்றார்.

நான் சாப்பிடும் இரண்டு சர்க்கரை மாத்திரைகளில் ஒன்று கிளிபிஸைட். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. சோறு போடாமல் அதை மட்டும் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. இறங்கினால் என்ன செய்யும்? நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் பயம் வரும். பீதித் தாக்கம் வந்தால்? நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், கை நடுங்கும், வேகவேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும், தலை சுற்றும். மாரடைப்பு வந்தால்? அதிலும் வேர்க்கும், மூச்சு வாங்கும், நெஞ்சு ஏதோ செய்யும். எல்லாவற்றுக்கும் மேலே 23 மணி நேரம் தூங்காத உடம்பு, அதில் காஃபீன். "மூணுல எதுன்னு உங்களாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் சொல்ல முடியாது. நீங்க வண்டிய நிறுத்தி சர்க்கரையைக் குத்திப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்கதான் நிறுத்தலையே" என்றார்.

நிறுத்தினால்தான் எதுவும் தெரியும். மூன்றில் எதுவாக இருந்தாலும் ஓட்டிக்கொண்டே சரிசெய்ய முடியாது. நாம் என்னடாவென்றால் நிறுத்துவதைத்தான் மானக்கேடு ஆக்கி வைத்திருக்கிறோம். முதல் வண்டி அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை. 'ஒரே மூச்சில் ஓட்டினேன்' என்ற பெருமையை நம் அப்பாக்களிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டோம். இன்றைய வடக்கு - தெற்கு நெடுஞ்சாலை முழுசாகத் திறந்தது 1994-இல்தான். அதற்கு முன்னால் பழைய சாலையில் போனவர்கள் ஊருக்கு ஊர் நின்று, தே குடித்து, இளநீர் வெட்டி, ஆடி அசைந்துதான் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே மூச்சு என்பதே இந்தச் சாலை வந்தபிறகு வந்த வீராப்பு.

நமக்கு நீண்ட தூரம் ஓட்டிப் பழக்கமும் கிடையாது, அதையும் ஒத்துக்கொள்வோம். நம் ஊரின் மிக நீளமான தீவு விரைவுச்சாலையே 43 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எந்த மூலைக்கும் ஒரு மணி நேரம். பினாங்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் சாங்கி, ஜூரோங் என்று ஓட்டிவிட்டு, ஒரே நாளில் தீவு விரைவுச்சாலையைப் பதினாறு தடவை ஓட்டுவது மாதிரி. அதுவும் இருட்டில். இங்கே நம் சாலைகளில் இருட்டு என்பதையே கண் பார்ப்பதில்லை.

தூக்கத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், நம் கூட்டத்தில் கணக்குப் பிள்ளைகள் அதிகம். 110-இல் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 30 மீட்டர் ஓடும். நாலு விநாடி கண் சொருகினால் 120 மீட்டர், ஒரு கால்பந்துத் திடலை ஆள் இல்லாத வண்டி கடந்திருக்கும். 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிதானத்துக்கு ஒப்பாகிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990-களிலேயே காட்டிவிட்டார்கள். மலேசியா 2020-இல் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பைக் குறைத்தபோது வைத்ததும் அதே அளவுதான், 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். அப்படிப் பார்த்தால் கோயிலுக்கு மாலை போட்டு, கவிச்சி தொடாமல், ஒரு சொட்டு குடிக்காமல் கிளம்பிய நாம், உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டும்போதே பாதிப் போதையில்தான் இருக்கிறோம். முருகன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லாதீர்கள். அவர் மயிலில் போகிறவர், அவருக்குச் சுங்கச்சாவடி கிடையாது.

மாமாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜொகூருக்குப் போகும் கடற்பாலமான காஸ்வேயில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டால் ஒன்றுக்குப் போக முடியாது என்று அன்றைக்கு மட்டும் நீர் மாத்திரையை விட்டுவிடுகிறீர்கள், தண்ணீரும் குடிப்பதில்லை. அத்தைமார்களும் அப்படித்தான் செய்கிறார்கள், என் அம்மாவே ஒப்புக்கொண்டார். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுத்த மாத்திரையை நாமே நிறுத்துவதைவிட, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மருத்துவரிடம் "இந்த நேரத்துக்கு மாத்தி எடுத்துக்கலாமா" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பெரும்பாலும் வழி சொல்வார்கள். தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கெண்டைக்காலில் இரத்தம் கட்டும் ஆபத்தும் இருக்கிறது. காஸ்வே 1 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குப் பயந்து நாம் உடம்பைப் படுத்தும் பாடு 700 கிலோமீட்டருக்குக் கூடவே வருகிறது.

சர்க்கரைக்காரர்கள் நம் கூட்டத்தில் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஓய்விடத்தில் "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று எத்தனை குரல் கேட்கிறது என்று எண்ணினால் போதும். இன்சுலினோ, என்னுடைய மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் சாவியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை, வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குத்திப் பார்க்க வேண்டும். 5 மில்லிமோலுக்கு (லிட்டருக்கு) மேல் இருந்தால் ஓட்டலாம். 4-க்கும் 5-க்கும் இடையில் என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு. 4-க்குக் கீழே என்றால் இன்னொருவர் ஓட்டட்டும், அல்லது வண்டி அங்கேயே நிற்கட்டும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, அளவு சரியானபிறகும் 45 நிமிஷம் பொறுத்துத்தான் ஓட்ட வேண்டும், ஏனென்றால் எண் ஏறினாலும் மூளை நிதானத்துக்கு வர நேரமாகும். சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பால் மெதுவாகத்தான் ஏறும்.

பீதிக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசத்தான் எனக்கே இவ்வளவு பத்தி தேவைப்பட்டது, பாருங்கள். அது வந்தால் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு மெல்ல இறங்கிவிடும். அதோடு சண்டை போட்டால் போகாமல் நிற்கும். கவனிக்காமல் விட்டால் போய்விடும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்க வேண்டும், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. இதெல்லாம் நிறுத்திய வண்டியில். முதல் தடவை வந்தால், அல்லது நெஞ்சு வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், 'இது வெறும் பீதிதான்' என்று நாமே தீர்ப்பு எழுதக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மலேசியாவில் நம் ஊர் 995 கிடையாது, 999. இதைப் பின்சீட்டுக்காரர்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அந்த நேரத்தில் ஓட்டுநருக்குத் தன் பெயரே ஞாபகம் வராது. அவசரப் பாதையில் நிறுத்துவது அவ்வளவு நல்லதில்லை, முடிந்தவரை ஓய்விடமோ சுங்கச்சாவடியோ வரட்டும். வேறு வழியே இல்லாமல் நிறுத்தினால் நாலு விளக்கையும் சிமிட்டவிட்டு, எல்லாரும் இடது பக்கமாக இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள், வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நான் எப்படி மீண்டேன் என்று யாராவது கேட்பீர்கள். முழுசாக மீண்டேன் என்று சொல்ல மாட்டேன். மருத்துவர் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் சொன்னதன் சாரம், எதைத் தவிர்க்கிறாயோ அது பெரிதாகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போ என்பதுதான். முதலில் ஞாயிறு காலை ஆளில்லாத தீவு விரைவுச்சாலை. அப்புறம் அந்தச் சுரங்கம், மனைவியோடு, பிறகு தனியாக. அப்புறம் துவாஸ் இரண்டாவது பாலம் வழியாக ஜொகூர் பாரு போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. பிறகு கூலாய். பிறகு ஆயர் ஹீத்தாம், அங்கே போய் வேண்டாத பூந்தொட்டி ஒன்று வாங்கி வந்தோம், இன்னும் வராந்தாவில் இருக்கிறது. சுரங்கத்துக்குள் இரண்டு தடவை மறுபடி வந்தது. வரட்டும் என்று இடது தடத்தில் மெதுவாக ஓட்டினேன். வெளியே வந்தபோது வெயில் அடித்தது, சாகவில்லை. யாரிடமாவது பேச வேண்டும், ஆனால் தெரிந்தவர்களிடம் வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு சிங்கப்பூரில் 1771 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது ஒன்று. இந்த மடலை எழுதலாமா என்று நம் கூட்டத்தில் ஒரே ஒருவரிடம் மட்டும் யோசனை கேட்டேன். யார் என்று சொல்ல மாட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஈப்போ தாண்டி வரும் மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் அந்த மலை வளைவில் லாரிகளுக்கு நடுவே தனக்கும் கை நடுங்கும் என்றும், அதனால்தான் ஈப்போவில் எப்போதும் தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் "கால் வலிக்குது" என்று சொல்வதாகவும் சொன்னார். ஆக வயிற்று வலியும் கால் வலியுமாக எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம்!

பின்சீட்டுக்காரர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. முன்சீட்டில் உட்காருபவர் தூங்கக் கூடாது. தூக்கம் வந்தால் இடம் மாறிக்கொள்ளுங்கள். அதற்காக "லாரி, லாரி, பார்த்து" என்று வழியெல்லாம் கத்த வேண்டாம், லாரி எங்களுக்கும் தெரிகிறது. ஓட்டுபவர் திடீரென்று பேச்சை நிறுத்தினால், கண்ணாடியை இறக்கினால், நெஞ்சையோ கழுத்தையோ தடவினால், "நிப்பாட்டலாமா?" என்று கேளுங்கள். "பயமா இருக்கா?" என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒன்று மாதிரித் தோன்றும், அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் வித்தியாசம்.

ஆகவே இந்த டிசம்பருக்கு நான் கேட்பது இதுதான். வெள்ளி இராத்திரி வேண்டாம், எல்லாரும் படுத்துத் தூங்கி, சனி விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புவோம். காஸ்வேயில் நெரிசல் இருக்கும், தெரியும், துவாஸ் பக்கம் போவோம், அங்கேயும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பினாங்கை ஒரே நாளில் எட்ட வேண்டாம், ஈப்போவில் ஒரு இரவு. தண்ணீர்மலையின் 513 படியும் ஒரு நாள் தாமதமானால் குறைந்துவிடாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஓட்டத் தெரிந்த இரண்டு பேர். எந்த வண்டி சிக்னல் போட்டு ஒதுங்கினாலும் மற்ற வண்டிகள் அடுத்த ஓய்விடத்தில் காத்திருக்கும், காரணம் யாரும் கேட்கக் கூடாது. ஓட்ட மனசில்லாதவர் பேருந்திலோ விமானத்திலோ வந்து அங்கே சேர்ந்துகொள்ளலாம், அதற்கும் கிண்டல் கிடையாது.

இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, நான் வருகிறேன். மூன்றாவது வண்டி மாச்சாப் ஓய்விடத்துக்கு முன்னால் இடது சிக்னல் போடும். அங்கே இருபது நிமிஷம் நிற்பேன், குத்திப் பார்ப்பேன், காலை நீட்டி நடப்பேன். கூட வருகிறவர்கள் தே சீனியோடா சீனியில்லாமலா என்று இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே வரிசை நீளமாக இருக்கும்.